மளிகைக் கடையில் எட்டு ஜாடிக் கடல்

தேனி பஜார்,
14-7-1936, செவ்வாய்க்கிழமை.

தூத்துக்குடித் துறைமுகத்துப் படகுக் கம்பெனி ரைட்டரும், என் தாயாருக்கு வாய்த்த ஒரே தம்பியும், அதனால் எனக்கு வேறு வழியில்லாமல் வாய்த்த ஒரே மாமாவுமாகிய மகா கனம் ஏசுதாசன் அவர்கள் சமுகத்துக்கு, மருமகன் பொன்னுராஜ் அநேக ஸ்தோத்திரங்களுடன் எழுதிக்கொண்டது.

இங்கே அப்பா, அம்மா, நான், ஒரு மீன், ஒரு நண்டு, இரண்டு நத்தை ஆகிய எழுவரும் கர்த்தர் கிருபையால் சுகம். சுகத்தின் அளவு மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. அங்கே நீங்களும் அத்தையும் கடலும் சுகமா என்று அறிய ஆவல். நிற்க. கடிதத்தில் 'நிற்க' என்று எழுதுவது எல்லாரும் செய்கிற சம்பிரதாயம்தான். ஆனால் இந்தக் கடிதத்தில் அது முழு உண்மை. உட்கார முடியாத காரணத்தால் கடையின் பின்கட்டில் மிளகாய் மூட்டைமேல் காகிதத்தை விரித்து நின்றபடியே எழுதுகிறேன். எதனால் உட்கார முடியவில்லை என்பது நாலாம் பக்கத்தில் தெரியும். அதுவரை பொறுங்கள், நானும் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மூன்று மீன் கொடுத்தேனே, ஒன்று என்கிறாயே என்று நாற்காலியை விட்டு எழுந்துவிடாதீர்கள். நம் ஒப்பந்தம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பெந்தெகொஸ்தே பண்டிகைக்கு நீங்கள் ரயிலில் வந்து கண்ணாடித் தொட்டியையும், எட்டு ஊறுகாய் ஜாடி நிறையக் கடல் தண்ணீரையும், அதில் மூன்று வரிமீன்களையும் சங்குக்குள் குடியிருக்கும் ஒரு நண்டையும் கடையில் இறக்கினீர்கள். "மருமகனே, ஜூலை பதினெட்டு, சனிக்கிழமை மறுபடி வருவேன். அன்னைக்கு ஒரே ஒரு மீனு வால ஆட்டினாலும் போதும், கையோட உன்னைக் கூட்டிட்டுப் போயி பத்து நாளு வச்சிருந்து, படகுல ஏத்திக் கடலக் காட்டுறேன்" என்று அப்பா முன்னிலையில் சொன்னீர்கள். அப்பாவும் விடவில்லை. மூன்றும் செத்தால், பள்ளிக்கூடம் விட்ட நேரமெல்லாம் இவன் கடையில் உட்கார்ந்து மிளகாய்க்குக் காம்பு கிள்ள வேண்டியது என்று தீர்ப்பெழுதினார். பதினைந்து வயதாகியும் கடலைப் பார்க்காதவன் நான். இந்தப் பள்ளத்தாக்கில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை வந்து நெஞ்சில் முட்டுகிறது. பூகோளப் பரீட்சையில் கடலைப் பற்றிக் கேட்டால் நான் விசுவாசத்தினால் மட்டுமே பதில் எழுதுகிறேன். ஆகவே இந்த ஆறு வாரமாக நான் வளர்த்தது மீன் இல்லை மாமா, என் ரயில் டிக்கெட்டை.

மீன்களுக்குப் பெயர் வைத்ததிலிருந்து தொடங்குகிறேன். எப்போதும் வாயை உப்பிக்கொண்டு ஒரு வேலையும் செய்யாமல் தொட்டியைச் சுற்றிப் பார்வையிட்டுக்கொண்டே இருப்பது தாசில்தார். அதன் பின்னாலேயே போவது கணக்குப்பிள்ளை. மூலையில் கிடந்து சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் முன்னால் வருவது மாப்பிள்ளை. நீங்கள் சொன்னபடி சைக்கிள் டியூபில் காற்றடித்து, மெல்லிய ரப்பர்க் குழாய் வழியாகத் தண்ணீருக்குள் குமிழி விட்டேன், காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. முல்லையாற்றுக் கூனி இறாலை நசுக்கி ஒரு சிட்டிகைக்கு மேல் போடவில்லை. முதல் வாரம் கண்ணாடியில் டீக்கறை மாதிரி ஒரு பழுப்பு படிந்தது. துடைத்தேன், போய்விட்டது. எல்லாம் ஒழுங்காக நடந்தது. எங்கள் வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடந்தால் அப்பாவுக்குப் பொறுக்காது என்பது உங்களுக்குத் தெரியும். வெயில் படாத பின்கட்டில் நீங்கள் வைத்துவிட்டுப் போன தொட்டியை, "ஊரே பாக்க வேண்டிய சாமான உள்ள போட்டு மூடி வைக்கிறதா" என்று நாலு பேரை வைத்துத் தூக்கிக் கடை வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார். நம் கடை கிழக்குப் பார்த்த கடை. காலைச் சூரியன் வேறு எங்கும் போகாமல் நேரே தொட்டிக்குள் இறங்கிக் குளித்தது. நாலாம் நாள் தண்ணீர் இளம்பச்சை. எட்டாம் நாள் கரும்பச்சை. பத்தாம் நாள் தாசில்தார் எந்தப் பக்கம் முகாம் போட்டிருக்கிறார் என்றே தெரியவில்லை. கல்லெல்லாம் பச்சைத் தாடி முளைத்து ஆடியது.

பாசியைத் தேய்க்க மென்மையான பிரஷ் வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். வீட்டில் மென்மையான பிரஷ் ஒன்றுதான் உண்டு; அது அப்பாவின் சவரப் பிரஷ். வேலை முடிந்ததும் கழுவி அதே இடத்தில் வைத்துவிட்டேன். மறுநாள் காலை அப்பா கண்ணாடி முன்னால் நின்று நுரை தடவியபடி, இந்தச் சோப்பில் ஏதோ கருவாட்டு வாடை அடிக்கிறது, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கடைக்காரரே அவர்தான் என்பதை அம்மா நினைவூட்டினாள். நான் அந்த நேரம் வேதம் வாசித்துக்கொண்டிருந்தேன்.

பச்சையைக்கூட ஒரு மாதிரி சமாளித்திருப்பேன். வெயிலில் தண்ணீர் வற்றி மட்டம் இறங்கியதே, அங்கேதான் வினை பிடித்தது. வற்றினால் நல்ல தண்ணீர் மட்டும் ஊற்று என்று நீங்கள் படித்துப் படித்துச் சொன்னீர்கள். நானும் ஊற்றினேன். ஆனால் நான் பள்ளிக்கூடம் போன பிறகு அப்பா வந்து தொட்டியை எட்டிப் பார்ப்பாராம். உப்புத் தண்ணீர்ச் சாமானுக்குள் சப்புத் தண்ணீரை ஊற்றி ஒப்பேற்றுகிறானே, இது கலப்படம் அல்லவா என்று அவருடைய வியாபார மனச்சாட்சி உறுத்தியிருக்கிறது. ஒரு கை கல்லுப்பை அள்ளிப் போடுவாராம். போட்டதோடு விட்டாரா? உங்கள் அத்தானுக்குக் கொசுறு போடாமல் கை திரும்பாதே. அரைப்படி துவரம்பருப்புக்கு நாலு பருப்பு கூடப் போடுகிற கை, கடலுக்கு மட்டும் அளந்தா போடும்? மேலே இன்னும் ஒரு சிட்டிகை.

நீங்கள் இருபத்தைந்தாம் கோட்டில் சிவப்பு மை தடவிக் கொடுத்த பால்மானியை, பாலில் தண்ணீர் கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் அந்தக் கண்ணாடிக் குழலை, அந்த வாரம் தண்ணீரில் மிதக்க விட்டேன். சிவப்புக் கோடு தண்ணீருக்கு மேலே எழுந்து நின்றது. முப்பத்தொன்று காட்டியது, அதாவது உப்பு கூடிவிட்டது. மாப்பிள்ளை அன்றைக்கே சாப்பாட்டு நேரத்துக்கும் வெளியே வராமல், மறுநாள் மல்லாந்து மிதந்தார். நான் அப்பாவிடம் போய், சூரியன் தண்ணீரைத்தான் குடிக்கிறது, உப்பைத் தொடுவதில்லை, உங்கள் உப்பு தொட்டியிலேயேதான் கிடக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கிற வழியாக இல்லை. கடைசியில் அம்மாதான் அடுப்படியிலிருந்தே வழக்கைத் தீர்த்தாள். "ஏங்க, ரசம் சுண்டினா உப்பு கூடுமா, கொறையுமா? சுண்டின ரசத்துல இன்னுங் கொஞ்சம் உப்பப் போட்டா நீங்க குடிப்பீகளா?" அப்பா அரை நிமிஷம் யோசித்தார். பிறகு உப்பு மூட்டையைத் தொட்டிக்கு எட்டாத தூரத்துக்குத் தானே நகர்த்தி வைத்தார். உங்கள் அக்காவை வைத்துக்கொண்டு எனக்கு எதற்கு மாமா விஞ்ஞானப் பாடம்?

இந்தப் பால்மானியால் வந்த இன்னொரு கூத்து. நான் அதைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் பால்காரர் சின்னக்கருப்பு உள்ளே வந்தார். செம்பும் கையுமாக நின்றவர் நின்றபடியே வெளுத்தார். மறுநாளிலிருந்து எங்கள் வீட்டுப் பாலில் ஆடை கம்பளி மாதிரி விழுகிறது. அம்மா சாயங்காலம் தயிரைக் கத்தியால் அறுத்து வைக்கிறாள். நான் அவருடைய பாலை ஒரு நாளும் சோதித்ததில்லை. சோதிக்கவில்லை என்று இன்றுவரை சொல்லவும் இல்லை.

உப்பைக் குறைக்கத் தொட்டித் தண்ணீரில் கால் பங்கை இறைத்துவிட்டு நல்ல தண்ணீர் விட்டேன். பாசி நாறிய தண்ணீரை மாற்றப் புதுக் கடல் தண்ணீர் கேட்டு உங்களுக்குக் கார்டு போட்டேன். நீங்கள் அனுப்பிய இரண்டு ஜாடியை எடுக்கத் தேனி ஸ்டேஷனுக்குப் போனால், பார்சல் கிளார்க் துணியை அவிழ்த்து விரலை விட்டு நக்கிப் பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். உப்புக் காய்ச்சுகிற கலாட்டா எல்லாம் அடங்கி ஆறு வருஷம் ஆகிறது, நீ இப்போது ஆரம்பிக்கிறாயா என்றார். மீனுக்கு என்றேன். செத்த மீனுக்குத்தானே உப்பு வேண்டும் என்றார். காய்ச்ச மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கடல் என் கைக்கு வந்தது. இரண்டு ஜாடிக்கு இந்தப் பாடு என்றால் அங்கே முழுக் கடலையும் வைத்துக்கொண்டு நீங்கள் எப்படி நிம்மதியாகத் தூங்குகிறீர்கள்?

புதுத் தண்ணீர் விட்டதும் தொட்டி பளிங்காகிவிட்டது. நீங்கள் அனுப்பிய கல்லில் ஒட்டிக்கொண்டு வந்த இரண்டு நத்தைகளும் டிக்கெட் இல்லாமல் வந்த குற்றத்துக்கு வேலை செய்து கழிக்கின்றன. அவை ஊர்ந்த வழியெல்லாம் பாசி போய்க் கண்ணாடியில் ரோடு போட்ட மாதிரி வெளுக்கிறது. நண்டு தன் பழைய சங்கைக் காலி பண்ணிவிட்டு நீங்கள் போட்ட பெரிய சங்குக்குள் குடி போனது. நான் குதித்த குதிப்பில் கடையிலிருந்த நெய் டின் உருண்டது. இதோடு நான் சும்மா இருந்திருக்க வேண்டும். இங்கேதான் மாமா, என் வாய்.

அன்று சந்தை நாள். சுருளிப்பட்டியிலிருந்து மிளகாய் விற்க வரும் மொக்கம்மாள் என்கிற அம்மாள் தொட்டி முன்னால் நின்று, "ஏய்யா, இது எந்த ஊருத் தீர்த்தம்?" என்று கேட்டாள். தூத்துக்குடி என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். "திருச்செந்தூர்ப் பக்கத்துக் கடலாத்தா" என்றேன். அதுவும் பொய்யில்லை, பக்கம்தானே. அவள் மணிக்கட்டில் மூன்று மரு இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு நாக்கு அரித்தது. "இந்த நண்டப் பாத்தீகளா, போன வாரம் பழைய ஓட்டக் கழட்டிப் போட்டுட்டுப் புதுசு மாட்டிக்கிருச்சு. இத ஒரு நிமிசம் கண்ணெடுக்காமப் பாத்தாப் போதும், நம்ம மேலுல உள்ள மருவும் அதே மாதிரிக் கழண்டுரும்" என்றேன். அவள் ஒரு நிமிஷம் பார்த்தாள். நான் மூட்டைக்குப் பின்னால் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அந்தச் சிரிப்பின் விலையைத்தான் இப்போது நின்றுகொண்டு கொடுக்கிறேன்.

அடுத்த சந்தைக்கு மறுநாள் காலை தொட்டியைப் பார்த்தால் தண்ணீர் வெள்ளை. பச்சையில்லை, பழுப்பில்லை, பால் வெள்ளை. தாசில்தாரும் கணக்குப்பிள்ளையும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறார்கள். சாயங்காலத்துக்குள் கணக்குப்பிள்ளை போய்விட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது மாமா, விளையாட்டாக எழுதவில்லை. டிக்கெட்டு ஒன்றே ஒன்று மிச்சம். யார் செய்த வேலை என்று யோசித்தேன். வெள்ளைத் தண்ணீர், பால்மானி மேல் கோபம், இரண்டையும் கூட்டினேன்; சின்னக்கருப்பு பாலைக் கொட்டிவிட்டார் என்று விடை வந்தது. மறுநாள் அவர் வந்ததும் நடுக்கடையில் நிறுத்திக் கேட்டுவிட்டேன். அவர் செம்பைக் கீழே வைத்தார். தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தம்பி, இத்தன வருசமா எம் பாலத் தண்ணின்னு சொன்னீக, சரின்னு கேட்டுக்கிட்டேன். இன்னைக்குத் தண்ணியப் பாலுங்கிறீக. நான் எதத்தான் ஊத்துறது?" கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தது அப்பா.

தண்ணீரில் பாதியை மாற்ற வேண்டும், கையில் ஜாடியில் கடைசியாகக் கொஞ்சம்தான் கடல் இருந்தது. மிச்சத்துக்குக் கிணற்றுத் தண்ணீரில் கல்லுப்பைக் கரைத்து, பால்மானி சிவப்புக் கோட்டில் நிற்கும்வரை கலக்கி விட்டேன். மூன்று நாள் மணிக்கொரு தரம் டியூபுக்குக் காற்றடித்தேன். வருகிறவர் போகிறவரெல்லாம் வைத்தியம் சொன்னார்கள். கலங்கல் தெளியத் தேத்தாங்கொட்டை உரைத்துவிடு என்றார் ஒருவர். படிகாரம் என்றார் இன்னொருவர். எதையும் போடவில்லை. மணலைக் கிளறிக் கழுவியபோதுதான் அடியிலிருந்து மிளகு வந்தது. ஒன்றிரண்டல்ல, ஒரு கைப்பிடி. அப்பா நடத்துவது மளிகைக்கடைதான், ஆனால் மிளகுக்குக் கால் கிடையாதே, தானே நடந்துபோய்த் தொட்டியில் குதிக்க.

அடுத்த சந்தை அன்று மிளகாய் மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஓட்டை வழியாகப் பார்த்தேன். அப்பா தராசில் கண்ணாக இருந்த நேரம் மொக்கம்மாள் வந்தாள். சும்மா வரவில்லை, கோம்பையிலிருந்து மைத்துனியையும் வருசநாட்டிலிருந்து சம்பந்தியையும் கூட்டிக்கொண்டு ஒரு பட்டாளத்தோடு வந்தாள். ஒவ்வொருவராக முந்தானையை அவிழ்த்தார்கள். கோயில் குளத்தில் போடுவது மாதிரி மருவைத் தொட்டுக் கும்பிட்டு உப்பு, மிளகு, ஒரு துண்டு வெல்லம். வெல்லம் கரைகிறபடி மரு கரைய வேண்டுமாம். நான் பார்த்தால் போதும் என்றுதானே சொன்னேன். வெறுங்கையோடு தீர்த்தத்துக்கு வரலாமா என்று அவர்களே சேர்த்துக்கொண்டார்கள். நான் ஐயோ என்று எழுந்த வேகத்தில் மூட்டை சரிந்தது, மிளகாய் கொட்டியது, கடை முழுக்கத் தும்மல். தும்மலுக்கு நடுவில் மொக்கம்மாள் அப்பாவிடம், "ஒங்க மகந்தான்யா சொன்னாக. புண்ணியவாளன், நல்லா இருக்கட்டும்" என்று என்னை வாழ்த்திக் காட்டிக்கொடுத்தாள்.

அதற்குள் செய்தி எங்கள் சபைக் கோயிலுக்கும் போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகர் அப்பாவை ஓரமாக அழைத்து, "ஞானசிகாமணி, கடையில தீர்த்தக்குளம் வச்சிருக்கீராமே. சபைக் கமிட்டி மெம்பரு செய்யிற காரியமா இது?" என்று கேட்டுவிட்டார். இந்த வேகாத வெயிலில் கழுத்தைச் சுற்றித் துண்டைப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வருகிற அப்பாவுக்கு முகம் மட்டும்தான் தெரிந்தது, அதுவும் மிளகாய் நிறத்தில். (பிடரியில் உள்ள மருவில் சட்டைக் காலர் உரசுகிறதாம், ஒரு மாதமாக இந்தத் துண்டு வேஷம்.) வீட்டுக்கு வந்து பூட்டிய அறையில் என்ன நடந்தது என்பதை 'நிற்க' என்ற சொல்லிலேயே அடக்கிவிட்டேன். அடியைவிட வலித்தது பிறகு சொன்னதுதான். "மீனு உசுரோட இருந்தாலும் சரி, செத்தாலும் சரி. இல்லாத மூடநம்பிக்கையக் கெளப்பி விட்டவனுக்குக் கடலும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. கடையில கெட."

மாமா, என் மேல் தப்பு உண்டு. ஆனால் தாசில்தாரைப் பாருங்கள். தொட்டியைப் பழையபடி பின்கட்டுக்குக் கொண்டுபோய், சுற்றி ஈரச்சாக்குக் கட்டி, நாளொன்றுக்கு இரண்டு செம்பு வீதம் தண்ணீர் மாற்றிக் காப்பாற்றி வைத்திருக்கிறேன். பாசி கல்லில் மட்டும், அதுவும் அளவாக. தாசில்தார் என் விரலைக் கண்டால் ஓடி வருகிறார், வாலை ஆட்டுகிறார், ஒப்பந்தத்தில் உள்ளபடி. ஒரே ஒரு விஷயம்தான் புரியவில்லை. வெளியாட்கள் யாரையும் உள்ளே விடுவதில்லை. அப்படியும் நேற்றும் இன்றும் பால்மானி ஒரு கோடு மேலே நிற்கிறது, மணலில் இரண்டு மிளகு கிடந்தது. பழைய மிளகு கல்லிடுக்கிலிருந்து வந்திருக்கலாம். நீங்கள் சனிக்கிழமை வரும்போது இரண்டு ஜாடிக் கடலும், அப்பாவின் மனம் இளகும்படியான நாலு வார்த்தையும் கொண்டுவர வேண்டியது. ஒரு பையன் செய்த பாவத்துக்கு ஒரு கடலையே மறைத்து வைக்கலாமா என்று கேளுங்கள். அம்மாவையும் அழச் சொல்லியிருக்கிறேன். கேட்காவிட்டால் காலில் விழுங்கள். தேவைப்பட்டால் நானும் பக்கத்தில் விழுகிறேன், குப்புறத்தான் விழ முடியும். பத்து நாள் லீவுக்கு ஹெட்மாஸ்டருக்கு எழுதுவதும் உங்கள் பொறுப்பே.

அத்தைக்கு என் வந்தனம். வீட்டிலுள்ள சிறியவர்களுக்கு முத்தம். கடலில் உள்ள பெரிய மீன் சின்ன மீன் யாவருக்கும், தங்கள் இனத்தார் ஒருவர் இங்கே உத்தியோகத்தில் சௌக்கியமாக இருக்கிறார் என்று தெரிவிக்கவும். சகல ஆசீர்வாதமும் உங்கள் படகுக்கும் பாய்மரத்துக்கும் உண்டாவதாக.

கீழ்ப்படிதலுள்ள (இன்று முதல்),
பொன்னுராஜ்.

பி.கு.: ஒட்டிய உறையைக் கிழித்து இதைச் சேர்க்கிறேன். தபாலாபீஸ் பாதி வழி போன பிறகுதான் தபால்தலையைக் கடையிலேயே விட்டது ஞாபகம் வந்தது. திரும்பிப் பின்வாசல் வழியாக நுழைந்தேன். ஈரச்சாக்கு விலகியிருந்தது. தொட்டி முன்னால் சபைக் கமிட்டி மெம்பர் ஞானசிகாமணி அவர்கள், கழுத்துத் துண்டைத் தோளில் போட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒரு கை உப்பையும் மிளகையும் தம் பிடரியை மூன்று சுற்றுச் சுற்றித் தண்ணீரில் விட்டார். பிறகு ஒரு கணம் யோசித்தார். கொசுறாக இன்னும் ஒரு சிட்டிகை.

நான் இருமினேன். அவர் கண்ணைத் திறந்தார். நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார், தாசில்தார் எங்கள் இருவரையும் பார்த்தார். அப்பா துண்டை எடுத்து மெதுவாகக் கழுத்தில் சுற்றிக்கொண்டார்.

"ஏலே பொன்னு," என்றார், "தூத்துக்குடிக்கு ஒனக்கு எத்தன சட்டை வேணும்?"

ஆகவே மாமா, மேலே எழுதிய மன்றாட்டு, நாலு வார்த்தை, அம்மாவின் அழுகை, காலில் விழுவது எல்லாவற்றையும் அடித்துவிட்டதாகப் பாவிக்கவும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், எனவே இதை நீங்கள் வாசிக்கவும் இல்லை. ஜாடி மட்டும் இரண்டுக்குப் பதில் மூன்றாகக் கொண்டுவாருங்கள். வந்ததும் அப்பாவின் பிடரிப் பக்கம் பார்த்துவிடாதீர்கள். மரு அங்கேயேதான் இருக்கிறது.